காற்றுக்கு ஒரு கட்டம்

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள்
நம்புச்செல்வி.
தலைப்பில் 'என் இலக்கு'.
கீழே கட்டங்கள்:
என்ன, எத்தனை நாளில், முதல் படி, யார் பொறுப்பு.
அடியில் பொடி எழுத்தில்,
பெற்றோர் உடன் அமர்ந்து நிரப்பவும்.

உடன் அமர்ந்தேன்.
விரலில் சுற்றிய துணியை இன்னும் அவிழ்க்கவில்லை.
மரிக்கொழுந்துப் பாசி பிடுங்கிய விரல்,
காற்றுப் பட்டால் எரியும்.

"கலெக்டர்னு எழுதவா?"
எழுது, யார் வேண்டாமென்றது?
முதல் படிக் கட்டத்தில் என்ன போடுவாய், அதைச் சொல்.
பேனாவின் பின்பக்கத்தைக் கடித்தாள்.
பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து முடிகிற வரை கடித்தாள்.
அடித்துவிட்டு எழுதினாள்:
தஞ்சாவூர் டூர்.
எண்ணூற்று ஐம்பது ரூபாய்.
தை பிறக்குமுன்.

இது எனக்குத் தெரிந்த ஆழம்.
ஒரு மூச்சில் போய்
பிடுங்கிக்கொண்டு மேலே வந்துவிடலாம்.

தினம் பத்து ரூபாய், எண்பத்தைந்து நாள்
என்று மீதியில்லாமல் வகுத்திருந்தாள்.
கணக்கு சரிதான் மகளே, கடல்தான் ஒத்துக்கொள்ளாது.
மாதத்தில் நான் தண்ணீரில் இறங்குவது
பன்னிரண்டு நாள்.
மற்ற நாளில் பத்து ரூபாய் எங்கே முளைக்கும்?

திரும்ப வகுத்தோம்.
இறங்குகிற நாளுக்கு இருபத்தைந்து.
மூன்று மாதம். தொள்ளாயிரம்.
"ஐம்பது கூட வருதே?"
அது காற்றுக்கு.
சிரித்தாள். ஆனாலும் ஒரு கட்டம் வரைந்து
'காற்று' என்று எழுதி
அதைக் காலியாக விட்டாள்.

கார்த்திகையில் வந்தது ஐம்பது ரூபாய்க் காற்றில்லை.
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏறியது.
ஒன்பது நாள் வல்லம் கரையில் குப்புறக் கிடந்தது.
பத்தாம் நாள் செவ்வாய்க்கிழமை, குழுத் தவணை.
மஞ்சள்பொடி டப்பாவைத் திறந்து
இருநூற்று நாற்பது எடுத்தேன்.
கேட்கவில்லை.
அவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள் என்பது
சாக்கு.

சாயங்காலம் எண்ணிப் பார்த்தாள்.
மறுபடி எண்ணினாள்.
அழுவாள் என்று அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.
தாளை எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
புதிதாக ஒரு வரிசை:
அம்மா கடன், 240.
"எத்தனை நாளில்?"
பேனாவை என் பக்கம் நீட்டியிருந்தாள்.

எத்தனையோ தவணைத் தேதி பார்த்தவள் நான்.
எல்லாம் அடுத்தவர் போட்ட தேதி.
நானாக ஒரு நாளைச் சொல்ல
நாக்கு வரவில்லை.
மாசி பதினைந்து என்றேன் கடைசியில்.
முதல் படி?
கேட்காமல் எடுக்கக் கூடாது.
அதையும் எழுதிக்கொண்டாள், எழுத்துப் பிழையோடு.

தை பிறக்குமுன் பேருந்து போனது, அவளில்லாமல்.
அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.
மறுநாள் தஞ்சாவூரை அடிக்காமல்
வருஷத்தை மட்டும் அடித்து மாற்றினாள்.

மாசி பதிமூன்றிலேயே கொடுத்துவிட்டேன்.
ரூபாயை வாங்கி டப்பாவில் போட்டுவிட்டு
கடைசியில் மிஞ்சியிருந்த வெற்று வரிசையைக் காட்டினாள்.
"இது உனக்கு. உன் இலக்கு சொல்லு."

கடன் தீரணும் என்றேன். அது கடன், இலக்கில்லை என்றாள்.
உன் படிப்பு என்றேன். அது என்னுது என்றாள்.
வேறென்ன இருக்கிறது என்னிடம்?
வெட்கமாகத்தான் இருந்தது சொல்ல:
ஒரு நாள், ஒரே ஒரு நாள்,
காலை ஏழு மணி வரை தூங்கணும்.

சிரிக்கவில்லை. எழுதினாள்.
எத்தனை நாளில்: வரும் ஞாயிறு.
முதல் படி: விடியுமுன் குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும்.
யார் பொறுப்பு என்ற கட்டத்தில்
தன் பெயரை, இனிஷியலோடு.

ஞாயிற்றுக்கிழமை
நாலரைக்கே முழிப்பு வந்துவிட்டது, பழக்கம்.
குடம் படியில் இடித்தது.
ஒருத்தி "தள்ளுடி" என்றாள்,
"நான்தான் முதல்ல" என்றாள் என் மகள்.
எழுந்து போய்த் தூக்கிவிடக் கை பரபரத்தது.

போகவில்லை.
ஏழு அடிக்கும் வரை
கண்ணை இறுக்க மூடிக் கிடந்தேன்.