பக்கத்துக்கு முப்பது ரிங்கிட்

பிரிக்பீல்ட்ஸில் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடி.
ஒரு மேசை, ஒரு ரப்பர் முத்திரை.
பிறப்புப் பத்திரம், மணவிலக்கு, எதுவானாலும்
மொழிபெயர்க்கப் பக்கத்துக்கு முப்பது ரிங்கிட்.

குணமலர் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள்.
செம்புக் கம்பியில் காகம் செய்கிறவள்.
சொந்தமாகப் பிழைக்கும் கலைஞருக்கு விசா தர
கடல் தாண்டி ஒரு நாடு கேட்கிறதாம்:
அசாதாரணத் திறமை உண்டென்று
நீ சொல்லாதே, பிறர் சொல்லட்டும்,
ஆங்கிலத்தில் சொல்லட்டும்.

குடும்பப் பெயர்: கிடையாது.
சின்னையாவின் மகள் என்று சொல்லும் 'ஏ/பி'தான்
போன பயணத்தில் குடும்பப் பெயராகி
மிஸ் ஏப் என்று கூப்பிட்டார்களாம்.
முதலாளி: நானே.
சம்பளம் தருபவர்: நானே, தந்தால்.

மலாயில் ஆறு சிபாரிசுக் கடிதங்கள்.
ஆறு பெரிய மனிதர்கள், ஆறு கையெழுத்து,
ஆறிலும் ஒரே எழுத்துப்பிழை.
நிமிர்ந்து பார்த்தேன்.
"நீயே எழுதிக் கொண்டு வா என்றார்கள்."
தன்னையே ஆறு முறை புகழ்ந்த களைப்பு
அவள் முகத்தில்.

தமிழ்ப் பத்திரிகை விமர்சனம் ஒன்று
'பரவாயில்லை, பிள்ளைக்குக் கை இருக்கிறது' என்று முடிகிறது.
"அந்தப் பரவாயில்லையைக் கொஞ்சம் தூக்கிப் போடலாமா அண்ணே?"
சத்தியம் செய்து வாங்கிய முத்திரையம்மா இது.
நம் ஆள் பாராட்டுவதில் உச்சமே அதுதான் என்று
எந்த அகராதியைக் காட்டுவது?

பையின் அடியில் இன்னொரு தாள்.
"ஐயோ, அது தவறி வந்துவிட்டது."
போலீஸ் ரிப்போர்ட்.
செந்தூல், இரவு இரண்டரை மணி,
கேபிள் திருட்டு என்று சந்தேகம்.
சார்ஜன் ஹஸ்னான் எழுதியிருக்கிறார்:

'மூட்டைகளில் நாற்பத்தோரு கிலோ செம்பு.
இவை காகங்கள் என்று சந்தேக நபர் கூறினார்.
சோதித்ததில் காகங்களே.
நிலைய வாசலில் அடுக்கி வைக்கப்பட்டன.
விடிந்ததும் எதிர்மரத்துக் காகங்கள் கூடிக் கரைந்து
பணிக்கு இடையூறு.
ஏழே முக்காலுக்கு, காகங்களுடன், விடுவிக்கப்பட்டார்.
மேல் நடவடிக்கை இல்லை.'

யாரும் கேட்டு எழுதியதல்ல.
அவள் எழுதிக் கொடுத்ததுமல்ல.
ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.
முத்திரையை மையில் இரண்டு தடவை ஒற்றினேன்.

"இதையா முதல் பக்கமாக வைக்கச் சொல்கிறீர்கள்?"
இதைத்தான்.

முப்பது ரிங்கிட்டை நீட்டினாள்.
வாங்கிக்கொண்டேன்.
அவளும் ஓசியில் யாருக்கும்
காகம் செய்கிறவளாகத் தெரியவில்லை.