கணக்கில் வராத நாற்பது நிமிடம்

மேலாளர் எஸ்கார்தோ
ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் தந்தார்.
கால்மணிக்கு ஒருமுறை
என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்,
ஒரு மாதம், பொய் இல்லாமல்.
பைசாந்தூ நகரக் குடிநீர் அலுவலகத்தில்
பொய் இல்லாமல் எழுதியது
நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

எட்டு மணி: மாத்தே குடிக்க வெந்நீர் வைத்தேன்.
எட்டேகால்: நேற்றைய கோப்பைத் தேடினேன்.
எட்டரை: கிடைத்தது. என் முழங்கைக்கு அடியில்.
எட்டேமுக்கால்: மேலே உள்ளதை எழுதினேன்.

முதல் வாரம் வெட்கமாக இருந்தது.
நாள் முழுக்க வேலை என்று நம்பியதை
வடிகட்டினால் ஒரு கரண்டிதான் தேறியது.
மீதியெல்லாம்
வேலைக்குப் போகும் வழி.

இரண்டாம் வாரம் திருந்தினேன்.
தொடப் பயந்த கோப்பைக் காலையிலேயே தொட்டேன்.
கடிதங்களைப் பதினொன்றுக்கு மொத்தமாகப் பிரித்தேன்.
நெலிதாவின் மகள் கல்யாணப் பேச்சை
மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளிவைத்தேன்.
அவள் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை,
அதுவும் எனக்கு நேர மிச்சம்.

ஆனாலும் ஓர் ஓட்டை.
பன்னிரண்டுக்கும் நாலரைக்கும் நடுவே
தினமும் நாற்பது நிமிடம்,
வெள்ளிக்கிழமையானால் ஒரு மணி நேரம்,
எங்கே போனதென்று தெரியவில்லை.

தண்ணீர்க் கணக்குப் பார்ப்பவனுக்கு
இது பழகிய நோய்தான்.
தொட்டியிலிருந்து விட்டது இவ்வளவு,
வீட்டு மீட்டர்கள் சொல்வது இவ்வளவு,
நடுவில் மண் குடித்தது எவ்வளவு?
இரவில், தெரு அடங்கிய பிறகு,
குழாயில் இரும்புக்கோலை ஊன்றிக்
காது வைத்துக் கேட்பார்கள் எங்கள் ஆட்கள்.
என்மேல் நானே எப்படிக் காது வைப்பது?

நெலிதாவிடம் கேட்டேன்,
இன்று என்னைக் கொஞ்சம் கவனித்துக்கொண்டிரு.
சாயங்காலம் ஒரு துண்டுச்சீட்டு நீட்டினாள்,
பால் கணக்குபோல் நெட்டை நெட்டையாகக் கோடுகள்.
பதினேழு போன்.
பதினேழும் ராங் நம்பர்.

பேருந்து நிலையத்து எண்ணின் கடைசி இலக்கம் ஏழு.
எங்களுடையது ஒன்று.
ஊர்ச் சுவர்களில் அதை எழுதிய பெயின்டர்
ஏழின் இடுப்பில் குறுக்குக் கோடு போட
மறந்திருக்கிறார்.

"தவறான எண் என்று
நீ ஒருத்தரிடமும் சொல்லவில்லை, திபுர்சியோ.
சால்தோவுக்கு நாலு பத்து என்றாய்.
கிச்சோனுக்கு ஞாயிறு மதியம் வண்டி இல்லை என்றாய்.
ஒரு அம்மாவிடம்
ஆட்டுக்குட்டியை ஏற்ற விடமாட்டார்கள்,
டிரைவர் உம்பியேரெஸாக இருந்தால்
கேட்டுப் பாருங்கள் என்றாய்."

எனக்கு நினைவே இல்லை.
அந்த அட்டவணை எப்போது மனப்பாடம் ஆனது?
நான் பஸ் ஏறியே ஆறு வருடம் ஆகிறது.
உம்பியேரெஸ் நெட்டையா குட்டையா,
அதுகூடத் தெரியாது.

கால்மணிக் கட்டத்தில் இதை எப்படி எழுத?
"மணி சொன்னேன்" என்று எழுதி
அடித்துவிட்டு
"தொலைபேசி" என்று எழுதினேன்.
எஸ்கார்தோ மூன்றே நாளில்
அலுவலக எண்ணையே மாற்றிவிட்டார்.
கெட்டிக்கார மனிதர்,
என்னை எல்லார் முன்னாலும் பாராட்டவும் செய்தார்.

இப்போது நாற்பது நிமிடம் என் கையில்.
இரண்டு வருடமாகத் தூங்கிய
தோல் பதனிடும் ஆலையின் பாக்கி வழக்கு
புதன்கிழமை முடிந்தது.
மேசை துடைத்துவிட்டதுபோல் இருக்கிறது.
ஐந்துக்குச் சரியாகக் கிளம்புகிறேன்,
வாசலில் காவலர் தன் கடிகாரத்தை
ஒருமுறை தட்டிப் பார்க்கிறார்.

நாலு பத்துக்கு மட்டும்
தலை தானாக நிமிர்கிறது.
பழைய எண்ணைச் சுழற்றிப் பார்த்தேன் ஒருநாள்:
"இந்த எண் உபயோகத்தில் இல்லை"
என்றது ஒரு குரல், அவசரமே இல்லாமல்,
இரண்டு முறை.

நோட்டில் இன்னும் நாலு பக்கம் மிச்சம்.
நாலேகால் கட்டத்தில் எழுதுகிறேன்:
இன்று வண்டி ஓட்டுவது யாரென்று தெரியவில்லை.