மூச்சடக்கும் வேடம்

செந்தூலில் ஒரு வாடகை வீட்டுக் கூடத்தில்
பதினொரு நாள் செத்துக் கிடந்தேன்.
நாளுக்கு நூற்றைம்பது வெள்ளி,
மூக்கில் பஞ்சு வைத்தால் இருபது கூடுதல்.

கதை இவ்வளவுதான்:
சேமநிதிப் பணத்தை எடுத்துத் தருவதாகச் சொன்ன அப்பன்
விடிவதற்குள் போய்விட்டான்.
கட்டைவிரல் ரேகை வேண்டும்.
மகன்கள் மூவர்,
கறுப்புக் கண்ணாடி மாட்டிச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய்
எண் சீட்டு எடுக்கிறார்கள்.
நாலாயிரத்துப் பதினேழு.
பலகையில் எரிவது
மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு.

பாதிப் படம் அந்தக் காத்திருப்புதான்.
பக்கத்து நாற்காலிச் சீன அம்மா
மருமகளைப் பற்றி இருபது நிமிடம் என்னிடம் சொல்கிறாள்.
பிஸ்கட் நீட்டுகிறாள்.
பிறகு என் மகன்களிடம்:
"இவ்ளோ பொறுமையா கேட்ட ஆம்பளைய
நான் பார்த்ததே இல்ல லா."

அந்த இடத்தில்
என் வயிறு குலுங்கிவிட்டது.
"கட்! பொணம் சிரிக்குது!"
நளாயினி கத்தியதில் தெருநாய் குரைத்தது.

நளாயினி,
எட்டு வருடம் பிணவறை முகப்பில் பில் போட்டவள்.
முதல் படம், அநேகமாகக் கடைசிப் படமும்.
"நீங்க காமெடி பண்ணாதீங்கண்ணே" என்றாள்.
"சும்மா கெடங்க. மத்தத சாவு பார்த்துக்கும்."

தேநீர் இடைவேளையில் கேட்டேன்,
இது சிரிப்புப் படமா, அழுகைப் படமா?
"எழவு வீட்ல ஐஸ் பெட்டிக்கு
பிளக் பாயின்ட் தேடி அலைவாங்கல்ல?
ஃபேனைப் பிடுங்கறதா, டிவியைப் பிடுங்கறதான்னு
ரகசியமா ஒரு சண்டை நடக்கும்.
அப்ப உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.
முழுங்கியிருப்பீங்க.
முழுங்கினது எங்க போச்சு?
அதத்தான் தேடறேன்."

விநியோகஸ்தருக்கு அதெல்லாம் ஏறவில்லை.
சுவரொட்டியில் பல்லைக் காட்டும் மூன்று பையன்கள்,
கீழே, குடும்பத்துடன் கண்டு களியுங்கள்.
குடும்பத்துடன் வந்தார்கள்.
இருபதாவது நிமிடம் குடும்பத்துடன் எழுந்து போனார்கள்.
ஒரே ஒரு தகப்பன் மட்டும்
"நீங்க போங்க" என்று உட்கார்ந்திருந்தார்.

மூன்று நாள் ஓடியது.
கடைசிக் காட்சியில் ஏழு பேர்,
அதில் இருவர் குளிருக்காக வந்தவர்கள்.
இருட்டில் யாரோ சிரித்தார்,
சிரித்தது தெரிந்து
அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.
நளாயினி என் முழங்கையைக் கிள்ளினாள்:
"அந்த இருமல்தாண்ணே."

பிறகு மஸ்ஜித் இந்தியாப் பக்கம் ஒரு டிஸ்க் கடையில்
எங்கள் படத்தைப் பார்த்தேன்.
நகைச்சுவைத் தட்டில் இல்லை, சோகத் தட்டிலும் இல்லை.
இரண்டுக்கும் நடுவே விழுந்து
சுவரோரம் நின்றுகொண்டிருந்தது.
கூடவே இன்னும் நாலைந்து,
எந்த மொழியென்றே தெரியாதவை.
அட்டையில் எல்லோரும் கறுப்பு உடுத்தி
கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.
ஐந்து வெள்ளிக்கு எல்லாவற்றையும் கொடுத்தான்.

போன மாசி மாதம் என் மாமனார் தவறினார்.
சேராஸ் மின்சுடலையில்
எங்களுக்கு முன்னால் இரண்டு பெட்டிகள்.
அங்கேயும் வரிசைதான்.
ரசீதுப் புத்தகத்தோடு வந்த வண்டிக்காரர்
என் முகத்தையே பார்த்தார்.
"அண்ணே,
நீங்கதானே அந்தப் பொணம்?"

சொந்தம் மொத்தமும் திரும்பியது.
மைத்துனன் பல்லைக் கடித்தான்.
"நாற்காலில உட்காந்து பிஸ்கட் வாங்காம இருந்தீங்களே!
அம்மாடி, எத்தனை தடவை பார்த்தேன்!
இந்தத் தொழில்ல இருக்கறவன் எல்லாரும் பார்த்துட்டோம்ணே,
டிஸ்க் கை மாறிக் கை மாறித் தேஞ்சே போச்சு."

என் மாமியார்
முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு
அந்தப் பக்கம் திரும்பினார்.
தோள்கள் குலுங்கின.
நிற்காமல் குலுங்கின.
ஆறுதல் சொல்லப் போன மனைவி
பாதி வழியில் நின்றுவிட்டாள்,
எதற்கு என்று தெரியாமல்.

வண்டிக்காரர் ரசீதில் முப்பது வெள்ளி அடித்து எழுதினார்.
"கலைஞர் கழிவு" என்றார்.
செத்தும் கொடுத்தவன் கதையை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.
செத்து வாங்கியவன்
நான் ஒருத்தன்தான்.