எட்டுப் புதன்கிழமை

வில்லிவாக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு மேலே
மூன்றாம் மாடி.
லிஃப்ட் இல்லை.
லிஃப்ட் பழுது பார்க்கிறவன் நான்,
மூச்சு வாங்கப் படியேறிப் போனேன்
முதல் புதன்கிழமை, மாலை ஏழுக்கு.
எட்டு வாரத்துக்கு ஆறாயிரம்.
வனஜாவிடம் யூனியன் மீட்டிங் என்று சொல்லியிருந்தேன்.

எதிர்பார்த்துப் போனது வேறு.
கோட்டு போட்ட ஒருவர்
"உன்னால் முடியும்" என்று கத்துவார்,
நாங்களும் திருப்பிக் கத்துவோம்,
கடைசி நாள் ஒரு ட்யூப்லைட்டைக் கையால் உடைப்போம்.
சான்றிதழை ஃப்ரேம் போடலாமா என்றுகூட
படியில் யோசித்திருந்தேன்.

இருந்தது
ஐந்து பிளாஸ்டிக் நாற்காலி,
முனகுகிற மின்விசிறி,
கிளாடியஸ் என்று ஒருவர். என்னைவிட இளையவர்,
சட்டைப் பையில் சீப்பு.
முதல் கேள்வியே,
"இன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?"
நான்கு பேரில் மூவருக்கு ஞாபகமில்லை.
இட்லியா தோசையா என்று
வெகுநேரம் தேடினேன்.
தட்டை வைத்த கை மட்டும் வந்தது,
தட்டு வரவில்லை.

அடுத்த வாரம்
கோபம் உடம்பில் எங்கே உட்காருகிறது என்றார்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஷாநவாஸ் "வயிறு" என்றார்.
இன்சூரன்ஸ் விற்கிற தணிகாசலம்
"எனக்குக் கோபமே வராது சார்" என்று
மேசையில் ஓங்கித் தட்டினார்.
நான்காவது ஆள் பதில் சொல்லாமல்
கைக்குட்டையை மடித்தார், பிரித்தார்,
கடைசி வாரம் வரை அதையேதான் செய்தார்.
நான் தாடைக்குக் கீழே
ஹெல்மெட் பட்டை அழுத்துகிற இடத்தைக் காட்டினேன்.
ஹெல்மெட் அப்போது வண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான்காவது வாரம் ஒன்றும் நடக்கவில்லை.
மழை. கரண்ட் போய்விட்டது.
செல்போன் வெளிச்சத்தில் பஜ்ஜி தின்றோம்.
எழுநூற்றைம்பது ரூபாய் பஜ்ஜி என்று
கணக்குப் போட்டபடி இறங்கினேன்.

ஐந்தாவது வாரம்
எங்களிடமிருந்து ஒரு சொல்லைப் பிடுங்கிக்கொண்டார்.
"ஒரு வாரம், யார் என்ன கேட்டாலும்
'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லாதீங்க."
சிரித்தோம்.
ஒரு சொல்தானே.

வியாழன் காலை, முகப்பேர் அடுக்ககத்தில்
நான்காம் ஐந்தாம் மாடிகளுக்கு நடுவே
ஒரு பையன் மாட்டிக்கொண்டான்.
உதவியாளன் மோட்டார் அறைக்கு ஓட
நான் கதவிடுக்கில் வாய் வைத்தேன்.
இருபது வருஷக் குரல் தானாகக் கிளம்பியது:
"ஒண்ணு..."
விழுங்கினேன்.
"பயமா இருக்கா?"
"ம்."
"இருக்கும். பத்து நிமிஷம் ஆகும்.
இங்கேயேதான் உட்கார்ந்திருக்கேன்."
உள்ளேயிருந்து
ஸ்கூல் பை தரையில் இறங்கும் சத்தம் கேட்டது.

அன்றிரவு ரசம் ஊற்றும்போது வனஜா கேட்டாள்,
"ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?"
வாயைத் திறந்தேன்.
எப்போதும் இருக்கும் சொல் இல்லை,
பதிலுக்கு வேறு சொல்லும் இல்லை.
சோற்றில் குழி பறித்தேன், மூடினேன்.
"தெரியல" என்றேன்.
அப்புறம், "அண்ணன் போனதிலேர்ந்துன்னு நினைக்கிறேன்."
அது நடந்து ஒன்பது வருஷம்.
கரண்டியைக் கீழே வைக்காமலே
எதிரில் உட்கார்ந்தாள்.
ரொம்ப நேரம் கழித்துத்தான் கேட்டாள்:
"யூனியன் மீட்டிங்ல இதெல்லாமா பேசுறாங்க?"

தணிகாசலம் ஆறாவது வாரத்தோடு நின்றுவிட்டார்,
பணத்தைத் திருப்பிக் கேட்டாராம்.
டெப்போவில் பையன்கள் விசாரிக்கிறார்கள்,
அங்கே போனா என்ன கிடைக்கும்ணே?
சம்பளம் ஏறவில்லை.
போன ஞாயிறுகூட மகனிடம் கத்தினேன், கணக்கு மார்க்குக்காக.
பாதிக் கத்தலில்
கை தாடைக்குக் கீழே போனது.
அவன் என் கையைப் பார்த்தான்.
மீதியைக் கத்தாமல் விட்டேன்,
மன்னிப்பும் கேட்கவில்லை, அது இன்னும் வரவில்லை.

ட்யூப்லைட் எதையும் யாரும் உடைக்கவில்லை.
எட்டாவது புதன் முடிந்து
கீழே பரிசோதனைக் கூடத்தின் ஷட்டர் இறங்கும்வரை
மூன்று பேரும் வாசலில் நின்றோம்,
வண்டிச் சாவியை ஆட்டிக்கொண்டு.

இன்று காலை பொங்கல்.
மிளகு கொஞ்சம் தூக்கல்.