பதினேழு புள்ளி நான்கு

கீழச்சேந்தங்குடி நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில்
முதல் வாரம் என் குரல்
மேசையைத் தாண்டவில்லை.
"ஈரப்பதம் பத்தொன்பது" என்று நான் சொன்னது
தூற்றும் இயந்திரத்தின் இரைச்சலில் விழுந்து
கருக்காயோடு பறந்துவிட்டது.
"என்னம்மா சொன்ன?"
"நான் இல்லைங்க. மீட்டர் சொல்லுது."

மீட்டர் சொல்லுது.
அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால்
பாதிக் குறுவையை ஒளிந்தே கழித்தேன்.
மூட்டை பிடி என்பது மீட்டர்,
திருப்பிக் காயவை என்பது மீட்டர்.
பட்டியல் எழுத்தர் என்று ஆணையில் இருந்தாலும்
நான் நடுவில் வைத்த கார்பன் தாள்.

மன்னார்குடியில் ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள்.
கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும்" என்று
தினம் மூன்று முறை சொல்லச் சொன்னார்
டை கட்டி வந்தவர்.
வாடகை அறையில் சொல்லிப் பார்த்தேன்.
கண்ணாடியில் ஒரு பக்கம் ரசம் போயிருந்தது.
பாதி முகத்தால்தான் முடியும் போல.

பிறகு ஐப்பசி மழை.
வண்டி எதுவும் வராத ஒரு மதியம்
பசிக்கும் சலிப்புக்கும் நடுவே
ஒரு நெல்லை எடுத்துக் கடித்தேன்.
ஒடியவில்லை, அழுந்தியது.
"இருபத்தொன்று" என்றேன், காலி அறைக்கு.
மீட்டரில் போட்டால் இருபத்துநான்கு.

மூன்று தப்பு.
ஆனால் அது என்னுடைய தப்பு.
அதுவரை அந்த நிலையத்தில்
எனக்கென்று ஒரு தப்புகூட இருந்ததில்லை.

சிமெண்ட் கம்பெனி டைரியின் பின்பக்கத்தில்
கோடு கிழித்தேன்:
இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மீட்டர்.
முழங்கைவரை மூட்டைக்குள் கைவிட்டு
உள்ளிருக்கும் குளிர்ச்சியைத் தொட்டேன்.
உள்ளங்கையில் கசக்கி
உமி கழலும் நேரத்தை எண்ணினேன்.
பல்லுக்கடியில் 'டக்' என்றால் பதினாறு,
'நச்' என்றால் இருபது;
இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒலிக்குத்
தமிழில் எழுத்தில்லை.
மூன்று தப்பு, இரண்டரை,
ஒருநாள் நான்கு (அன்று ஜலதோஷம்),
ஒன்று, மறுபடி இரண்டு, அரை.

காலையில் முதல் டிராக்டர் வருமுன்
முந்தைய நாள் எண்களைச் சத்தம்போட்டுப் படித்தேன்.
சாக்குக்கட்டின்மேல் படுத்திருக்கும் நாய்
தலையைத் தூக்கினால்
அன்றைக்குக் குரல் போதும் என்று கணக்கு.

கார்த்திகையில் ஒரு திங்கள்.
தரக்கட்டுப்பாட்டு அதிகாரி வந்து உட்கார்ந்திருந்தார்.
குத்தகைக்காரி செங்கமலத்தின் நெல்.
மூன்று நாள் ரோட்டோரம் காயவைத்து
இரவெல்லாம் தார்ப்பாயின் ஓரத்தைக்
காலால் மிதித்தபடி தூங்கியவள்.
மீட்டர் இருபத்திரண்டு என்றது.
"அனுப்பிவிடு" என்றார் அதிகாரி.

கடித்தேன். டக்.
இன்னொன்று. டக்.
"மீட்டர் தப்பு சார்."
"என்ன?"
"மீட்டர் தப்பு. நெல் பதினாறு.
பக்கத்து நிலையத்து மீட்டரை வரவழையுங்கள்."
முழங்கால் நடுங்கியது உண்மை.
நல்லவேளை, மேசைக்குத் துணி விரித்திருந்தது.

அது வர ஒன்றேகால் மணி நேரம்.
அதிகாரி இரண்டு டீ குடித்தார்.
நான் டைரியை விரித்து
அறுபத்துமூன்று வரிகளையும்
மறுபடி படித்துக்கொண்டிருந்தேன்.

புது மீட்டர்: பதினேழு புள்ளி நான்கு.

பழையதில் பேட்டரி இறங்கியிருந்ததாம்.
சுமைதூக்கும் அந்தோணி கைதட்டினார்.
ஆனால் வரம்பு பதினேழு.
புள்ளி நான்கைக் கண்டுகொள்ளாதே என்று
செங்கமலத்தின் கண் கேட்டது.
ஏன், அதிகாரியின் கண்கூடக் கேட்டது.

"இன்னும் ஒரு வெயில் வேண்டும்.
நாளை மூன்று மணிக்கு
உங்கள் நெல்தான் முதலில்" என்றேன்.
மீட்டர் சொல்லுது என்று சொல்லவில்லை.

"பதினாறுன்னு நீதானே சொன்ன?"
"ஆமாம். நானும் தப்புதான்,
ஒன்று புள்ளி நான்கு."

அவள் கோபமாகத்தான் போனாள்.
நான் டைரியில் எழுதினேன்.
தூற்றும் இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.
"என்னம்மா சொன்ன?" என்று
யாரும் கேட்கவில்லை.