பொட்டாசியம் நாலு புள்ளி ஒன்று

எர்சுரூமில் இன்றிரவு மைனஸ் இருபத்தாறு.
எனக்கு இது முப்பத்தோராவது மணி நேரம்.
கடைசியாக என்ன சாப்பிட்டேன் என்று யோசித்தால்
நோயாளிகளின் பட்டியல்தான் வருகிறது:
ஏழாம் படுக்கைக்கு உப்பில்லாக் கஞ்சி,
பதினொன்றுக்கு வாய்வழி எதுவும் கூடாது.

பணியறையில் மூன்று கட்டில்.
ஒன்றில் ஓருச், ஷூவோடு,
கதவுப் பக்கம் கால் நீட்டிப் படுத்திருக்கிறான்,
கூப்பிட்டால் ஓட.
எட்டு மாதமாக ஒரே அறை.
பத்துக் குறட்டைக்கு நடுவே அவனுடையதைச் சொல்லிவிடுவேன்.
அவனுக்கு அம்மா இருக்கிறாளா, தெரியாது.

நெவினின் கோட் இன்னும் ஆணியில்.
போன வாரம் ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டுவிட்டு
ஜெர்மன் வினைச்சொல் படிக்கப் போய்விட்டாள்.
பையில் ஒரு சர்க்கரைக் கட்டி கிடக்கிறது.
இந்த ஊரில் தேநீரில் கலக்க மாட்டார்கள்,
பல்லிடுக்கில் வைத்துக் குடிப்பார்கள்.
ஆணியும் வேண்டும், சர்க்கரையும் வேண்டும் எல்லோருக்கும்.
யாரும் தொடவில்லை.

இரண்டு மணிக்கு ஒருவர் இறந்தார்.
நேரத்தை நான்தான் சொன்னேன்,
பேருந்து நிலைய அறிவிப்பின் குரலில்.
அவர் மகன் நன்றி என்றான்.
அதற்கு என்ன சொல்வது?
பரவாயில்லை என்றேன்.
பரவாயில்லையாம்.

மூன்று நாற்பது.
நாலு, நாலு, ஒன்று, ஏழு. ஆய்வகம்.
"சொல்லுங்க" என்கிறார் ஹைரெத்தின்.
முகம் பார்த்ததில்லை. குரலில் எப்போதும் சளி,
பின்னால் ரத்தக் குழாய்களைச் சுழற்றும் எந்திரம்.
"மூன்றாம் படுக்கை. பொட்டாசியம் வந்துடுச்சா?"

மூன்றாம் படுக்கை காலி.
செவ்வாய்க்கிழமையே போய்விட்டார் மனிதர்,
தொப்பியை மறந்துவிட்டு, பாதி வழியில் திரும்பி வந்து
அதை எடுத்துக்கொண்டு.
எனக்குத் தெரியும்.
திரையைப் பார்த்தால் ஹைரெத்தினுக்கும் தெரியும்.

கொஞ்ச நேரம் எந்திரம் மட்டும்.
பிறகு எதையோ தட்டுகிறார்.
"நாலு புள்ளி ஒன்று. நார்மல்."
நான் போனை வைக்கவில்லை.
அவரும் வைக்கவில்லை.
"சோடியமும் சொல்லட்டுமா, டாக்டர்?"

சொல்லுங்க.
அவசரமில்லாமல் வாசிக்கிறார்,
யார் உடம்பிலும் ஓடாத ரத்தத்தின் எண்களை.
எடுத்த குழாயே இல்லாததால்
எல்லாம் அளவோடு இருக்கின்றன.
உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்கிறேன்.
குளோரைடு நூற்று மூன்று.

"யாரு?" என்கிறான் ஓருச், கண் திறக்காமல்.
பதில் சொல்ல வாய் வரவில்லை.
ஸ்பீக்கர் பொத்தானை அழுத்துகிறேன்.
கால்சியம், தும்மல், மன்னிக்கணும், கால்சியம்.

மக்னீசியம் வருவதற்குள்
எழுந்து உட்கார்ந்து
ஓருச் ஷூவின் முடிச்சை அவிழ்க்கிறான்.