உரிமையாளர் பெயர்

கடலில் போய் முடிகிற எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கைக்கு
விசர்நாய்த் தடுப்பூசிக்காரர் வந்தார்.
ஐஸ் பெட்டி, வலை, சிவப்புக் கழுத்துப்பட்டிகள்,
ஓரம் நனைந்த ஒரு படிவம்.
"நம மொகக்த?" என்றார் திலகசிறி,
நாயைப் பார்த்துத்தான் கேட்டார்.

சுதி, என்றான் ஓட்டோ உபுல்.
டச்சஸ், மேல்மாடி பல்கனியிலிருந்து மிஸிஸ் வான்டோர்ட்.
பைரவி, என்றான் கிருத்திகன், ஆண்டு மூன்று.
கொத்துக்கடை நிஸ்தார் நானா பெயர் எதுவும் சொல்லவில்லை.
அவர் அவளைத் தொடமாட்டார்.
ஆனால் இரவு பதினொன்றுக்குத்
தட்டில் தகடு விழும் கடைசித் தாளம்
அவளுக்கான அழைப்பென்று
ஒழுங்கைக்கே தெரியும்.

நாலுக்கும் வருவாள்.
நாலுக்கும் ஒரே வால்.

நான் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளர்.
பிறப்பு, இறப்பு, காணி உறுதி, விவாகரத்து,
எல்லாம் பக்கக் கணக்கு.
பெயர் தில்லையம்பிகை.
அடையாள அட்டையில் என் இடுப்பைக் காணோம்,
கடவுச்சீட்டில் கையைக் காணோம்.
ஒரு தெருநாய்க்கு நாலு பெயரும்
எழுத்துப்பிழையின்றிப் பொருந்துவதைப்
பொறாமையோடு பார்த்து நின்றேன்.

கிருத்திகனுக்குப் பள்ளியில் நாய்கள் பற்றி ஒப்படை.
மூன்று நாளாய் அகப்பட்டவர்களிடம் ஒப்புவிக்கிறான்:
நாயின் மூக்கிலும் ரேகை உண்டு, ஒன்றைப்போல் ஒன்றில்லை.
நாய்க்குப் பாதத்தில்தான் வியர்க்கும்.
மணம் மங்குகிற அளவை வைத்து
ஆள் போய் எவ்வளவு நேரமென்று நாய் கணிக்கக்கூடும்.
"அப்ப, அப்பா போய் எவ்வளவு காலமெண்டு
இவளுக்குத் தெரியுமா?"
கட்டாருக்குப் போய் இரண்டு வருடம், ஒரு மாதம்.
உபுல் ஓட்டோவின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான்.
அது ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

ஒப்படையில் இல்லாதது:
எடுத்தனூரில் ஒரு நடுகல்.
கள்ளரைக் கடித்து, விழுந்த எசமானருகே நின்ற நாய்
அதில் இன்னும் நிற்கிறது.
கோவிவன் என்று பெயரும் வெட்டியிருக்கிறார்கள்,
ஆயிரத்துச் சொச்சம் வருடமாய் ஓர் எழுத்தும் உதிராமல்.
அதே மொழியில்தான்
'நாய் படாத பாடு' என்கிறோம்.
சந்நிதியில் 'நாயேன்' என்று உருகிவிட்டு
வெளியே செருப்பருகில் படுத்திருப்பவளைச்
'சீ, போ' என்கிறோம்.
வைரவருக்கு வடைமாலை.
வாகனத்துக்கு?

இன்னொன்றும் இல்லை அதில்.
தொண்ணூற்றாறில், கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில்,
பொலிஸ் பதிவுத்துண்டைக் கையில் பிடித்தபடி
வெயிலில் நின்றேன்.
அவர்களுடைய நாய் என் கைப்பையை முகர்ந்தது,
அகராதியை, சோற்றுப் பொதியை, என் முழங்காலை.
பிறகு தும்மிவிட்டுத் திரும்பிக்கொண்டது.
அந்த வருடம் முழுவதும்
நான் குற்றமற்றவள் என்று ஒப்புக்கொண்டது
அது ஒன்றுதான்.

"அயித்திக்காரயா?" என்றார் திலகசிறி.
உரிமையாளர்.
மிஸிஸ் வான்டோர்ட் உள்ளே போய்விட்டார்.
நிஸ்தார் நானா வெங்காயம் அரிந்தார்.
'தாய் வேண்டாம் எண்டிட்டா' என்றான் கிருத்திகன்.
பேனா காத்திருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்,
எழுத்து என் தொழிலாம்.

எனக்குத் தெரியும் இப்படிப்பட்ட படிவங்களை.
யார் வீட்டில் யார், எத்தனை பேர், என்ன உறவு, எப்போது போவீர்கள்.
அந்தக் கோடிட்ட இடத்தில் எழுதியதெல்லாம்
பின்னொரு நாள் கதவைத் தட்டும்.
கை எழவில்லை.

ஊசி போட்டாயிற்று. அவள் கத்தவில்லை.
பட்டியின் வாரை முகர்ந்தாள், திலகசிறியின் சப்பாத்தை,
பிறகு மடியிலிருந்த படிவத்தை.
ஈரமூக்கு சரியாய் அந்தக் கோட்டில் பட்டது.
நீல மை பரவிற்று.
"ரேகை!" என்று குதித்தான் பொடியன்.
திலகசிறி சிரித்தார். இது செல்லாது என்றார்.
கசிந்த இடத்துக்கு மேலே
ஒழுங்கையின் பெயரை எழுதிக்கொண்டு போனார்,
அதிலும் ஓர் எழுத்து குறைவு.

மருதானைக்குப் போகும் ரயில் கடலை மறைத்துக்கொண்டு போயிற்று.
அவள் தண்டவாளத்தைக் கடந்து
கருங்கற்களில் ஏறி நின்றாள், சிவப்புப் பட்டியோடு,
தெற்கே மூக்கை நீட்டி.
கட்டார் அந்தப் பக்கமில்லை.
நான் அவனிடம் சொல்லவில்லை.